கேஸ் வாடை வந்தால்: முதல் ஒரு நிமிஷம்



2025 ஏப்ரல் 1-ஆம் தேதியை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டோம். ஹரி ராயா இரண்டாம் நாள், காலை 8.10 மணி வாக்கில், சுபாங் ஜெயா பக்கம் புத்ரா ஹைட்சில் நிலத்துக்கு அடியில் போகிற பெட்ரோனாஸ் கேஸ் குழாய் வெடித்து, தீ பல மாடி உயரத்துக்கு எழும்பியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், பல வீடுகள் எரிந்து போயின. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அன்றைக்கு நம்ம எல்லாருடைய வாட்சாப்பிலும் அந்தத் தீயின் வீடியோதான் ஓடியது.

அந்தத் தீயை எப்படி நிறுத்தினார்கள் என்று கவனித்தீர்களா? தண்ணீர் அடித்து அணைக்கவில்லை. முதலில் குழாயின் வால்வுகளை மூடினார்கள். உள்ளே மிச்சம் இருந்த கேஸ் எரிந்து தீரத் தீர, தீயும் சிறுத்துக்கொண்டே வந்து, பிற்பகலில்தான் அடங்கியது. பொம்பாக்காரர்கள் அதுவரைக்கும் ஆட்களை வெளியேற்றுவதிலும், சுற்றியிருந்த இடத்தைக் காப்பதிலும் இருந்தார்கள்.

அவ்வளவு பெரிய குழாய்க்கு எது பாடமோ, அதுதான் நம்ம வீட்டு அடுப்படியில் இருக்கிற 14 கிலோ தோங்குக்கும் பாடம். இரண்டே வரி:

கேஸை நிறுத்து. நெருப்புப் பொறிக்கு வழி விடாதே.

இந்தக் கட்டுரையில் மற்றது எல்லாம் இந்த இரண்டு வரிக்கு விளக்கம்தான். நான் பொறியியல் படிக்கிற மாணவன். கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வேதியியலும் வரும், பயப்பட வேண்டாம். படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பாட்டிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தால் போதும். ஏன் பாட்டி என்று கடைசியில் சொல்கிறேன்.

1. தோங்குக்குள்ளே என்ன இருக்கு?

நம்ம பெரும்பாலான வீடுகளில் இருக்கிற தோங்கில் இருப்பது எல்.பி.ஜி. புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தம் கொடுத்து அதைத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். தோங்கை ஆட்டினால் உள்ளே 'சலக் சலக்'னு கேட்குதே, அதுதான் அந்தத் திரவம்.

சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலும் கொதித்து வாயுவாகிவிடும். நம்ம ஊர் வெயிலோ 30 டிகிரிக்கு மேல். அதனால் தோங்கிலிருந்து வெளியே வந்த நிமிஷமே அது வாயுதான். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகப் பரவும். ஒரு மினரல் வாட்டர் பாட்டில் அளவு, ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாய் அளவுக்கு விரியுது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த வாயு காற்றை விடக் கனமானது. புரோப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி ஓடும். சிங்க் அடியில், கேபினட்டுக்குள்ளே, பின்கட்டு லோங்காங்கில் போய்த் தேங்கும். நாம் நின்றுகொண்டு மூக்கால் தேடுவோம், அது நம்ம முழங்காலுக்குக் கீழே கிடக்கும்.

சில கொண்டோக்களில் தோங் இருக்காது, குழாய் வழியாக கேஸ் வரும். கேஸ் மலேசியா நிறுவனம் கொடுப்பது இயற்கை எரிவாயு, அதாவது பெரும்பகுதி மீத்தேன். அது காற்றை விட லேசானது, மேலே கூரைப் பக்கம் போகும். சில கட்டிடங்களில் குழாய் இருந்தாலும் அதில் வருவது எல்.பி.ஜி.யாகவே இருக்கும். உங்கள் வீட்டில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் டிடெக்டர் வாங்கி மாட்டுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். எல்.பி.ஜி. என்றால் தரைக்குப் பக்கத்தில் மாட்டணும், இயற்கை எரிவாயு என்றால் கூரைக்குப் பக்கத்தில். மாற்றி மாட்டினால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்தான்.

2. எவ்வளவு கசிந்தால் ஆபத்து?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பிளாட் வீட்டு அடுப்படி ஒன்று: இரண்டரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். மொத்தம் 13.5 கன மீட்டர் காற்று.

எல்.பி.ஜி. காற்றில் ஏறக்குறைய 2 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். 13.5-இல் 2 விழுக்காடு 0.27 கன மீட்டர். எடையில் பார்த்தால் சுமார் 600 கிராம். 14 கிலோ தோங்கில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

பெரிய அடுப்பு ஒன்றைப் பற்ற வைக்காமல் முழுசாகத் திறந்து விட்டால், மணிக்கு 300 கிராம் அளவில் கேஸ் வெளியேறும். அப்படின்னா இரண்டு மணி நேரம். ஆனால் இது கேஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவினால் வருகிற கணக்கு. கேஸ் கனமானது, தரையோரம் தேங்கும் என்று பார்த்தோம். அதனால் தரைப் பக்கம் அந்த 2 விழுக்காடு இதைவிடச் சீக்கிரமே வந்துவிடும். ஜன்னல் எல்லாம் சாத்தி ஏர்கான் போட்டுத் தூங்குகிற வீட்டில் ஓர் இரவு என்பது 7 மணி நேரம். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதனால்தான் விடியற்காலை அடுப்படி ரொம்பக் கவனமாக நுழைய வேண்டிய இடம். 1968 மே 16-ஆம் தேதி, லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி அடுக்குமாடியில், 18-ஆவது மாடியில் குடியிருந்த ஒரு பெண், காலை ஆறு மணிக்கு முன்னால் டீ போட எழுந்து தீக்குச்சியை உரசினார். இரவில் கசிந்திருந்த கேஸ் வெடித்தது. கட்டிடத்தின் ஒரு மூலை முழுக்கச் சரிந்து விழுந்து 4 பேர் இறந்தார்கள். தீக்குச்சி உரசியவர் உயிர் பிழைத்தார். விசாரணையில் தெரிந்தது என்ன? அடுப்புக்குக் கேஸ் வருகிற இணைப்பில் இருந்த ஒரு தரமில்லாத பித்தளை நட்டு உடைந்திருந்தது. ஒரு சின்ன நட்டு!

3. வாடை எங்கிருந்து வருது?

உண்மையில் இந்த வாயுக்களுக்கு வாடையே கிடையாது. நமக்கு வருகிற அந்த அழுகிய முட்டைக்கோஸ் மாதிரியான நாற்றம், வேண்டும் என்றே சேர்க்கப்படுகிற மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் நாற்றம்.

அதுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கு. 1937 மார்ச் 18-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி, மின்கருவி ஒன்றின் பொறியில் வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். யாருக்கும் எந்த வாடையும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கேஸில் வாடை சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். இன்றைக்கு நம்ம மூக்கு எச்சரிக்கிறது என்றால், அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையால்தான்.

தீப்பிடிக்கிற அளவை எட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே, அதன் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மனித மூக்குக்குத் தெரிகிற மாதிரி வாடை சேர்க்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அதாவது வாடை வந்ததும் நமக்குப் பெரும்பாலும் கொஞ்சம் நேரம் இருக்கு. அந்த நேரத்தை நம்ம கையே கெடுக்காமல் இருக்கணும்.

ஆனால் மூக்கை மட்டுமே நம்பவும் முடியாது.

ஒரே வாடையில் சில நிமிஷம் இருந்தால் மூக்கு பழகிப் போய்விடும். "இப்போ வாடை வரலையே, போயிடுச்சு போல"னு நினைக்கிறது தப்பு.

சளி, கோவிட் வந்து போனவர்கள், வயசானவர்களில் பலருக்கு மோப்பம் குறைந்திருக்கும்.

சாம்பிராணிப் புகை, சம்பல் வதக்கும் நெடி, பெலாச்சான் வாடை எல்லாம் கேஸ் வாடையை மறைத்துவிடும்.

இன்னொன்று, டுரியான்! அதிலும் கந்தகப் பொருட்கள் இருக்கு. 2018 ஏப்ரலில் மெல்பர்னில் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் கசிவு என்று நினைத்து சுமார் 500 பேரை வெளியேற்றினார்கள். தேடிப் பார்த்தால் அலமாரியில் ஓர் அழுகிய டுரியான். இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. டுரியானைக் கேஸ் என்று நினைத்து வெளியே ஓடினால் நஷ்டம் ஒன்றுமில்லை. கேஸை டுரியான் என்று நினைத்து உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் நஷ்டம்.

4. இலங்கையில் 2021-இல் நடந்தது

'நாம ஒழுங்காத்தான் வெச்சிருக்கோம், நமக்கு எதுவும் வராது' என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்கணும்.

2021 நவம்பர் கடைசியில் இலங்கையின் பல ஊர்களில் வீட்டு அடுப்படிகளில் கேஸ் தீயும் வெடிப்பும் அடுத்தடுத்து நடந்தன. தோங்கை நம்மைப் போலவே வருஷக்கணக்காகப் பயன்படுத்திய குடும்பங்கள்தான். சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் போயின, உயிர்களும் போயின. ஜனங்கள் தோங்கை வீட்டுக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டு விறகடுப்புக்குப் போனார்கள். ஜனாதிபதி ஒரு நிபுணர் குழு அமைத்தார். கேஸ் கலவையின் விகிதம் மாற்றப்பட்டு, புரோப்பேன் பங்கு கூடியதுதான் முக்கியக் காரணம் என்று குழு சொன்னது.

புரோப்பேன் கூடினால் என்ன? ஒரே வெப்பநிலையில் புரோப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கலவையில் அது கூடும்போது தோங்குக்குள்ளே அழுத்தம் ஏறும். நேற்று வரைக்கும் தாக்குப்பிடித்த தேய்ந்த ரப்பர் வளையம், தளர்ந்த கிளிப், பழைய ரெகுலேட்டர் எல்லாம் இன்றைக்குக் கசிய ஆரம்பிக்கும்.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, தப்பு எப்பவும் சமைக்கிறவர் மேல் இல்லை. "அம்மா கவனமா இல்ல"னு சொல்லி முடித்துவிடக் கூடாது. இரண்டு, தப்பு எங்கே தொடங்கினாலும் கேஸ் வெளியே வருவது இணைப்புகளில்தான். ரோனன் பாயிண்டில் ஒரு நட்டு, இலங்கையில் வால்வும் ரெகுலேட்டரும் ஹோஸும். தோங்குக்குள்ளே என்ன விகிதம் இருக்கு என்பது நம்ம கையில் இல்லை. இணைப்பைப் பார்த்துக்கொள்வது நம்ம கையில் இருக்கு.

5. முதல் ஒரு நிமிஷம்

வீட்டுக்குள் நுழையறீங்க, அல்லது காலையில் எழுந்து வர்றீங்க. கேஸ் வாடை. இப்போ என்ன செய்யணும்? வரிசை முக்கியம்.

முதலாவது: எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். காத்தாடியைப் போட்டால் வாடை போய்விடும் என்று தோணும். ஆனால் சுவிட்சுக்குள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் சேரும்போதும் பிரியும்போதும் சின்னப் பொறி வரும். எல்.பி.ஜி.யைப் பற்ற வைக்க 0.25 மில்லிஜூல் சக்தி போதும். கண்ணுக்குத் தெரியாத பொறியே அதைக் கொடுத்துவிடும். லைட், காத்தாடி, எக்சாஸ்ட், ரைஸ் குக்கர் பிளக் எதுவும் வேணாம். எரிகிற லைட் எரியட்டும். இருட்டாக இருந்தால் இருட்டாகவே இருக்கட்டும்.

இரண்டாவது: நெருப்பு வேணாம். சிகரெட், லைட்டர், ஊதுபத்தி எதுவும் கூடாது. பக்கத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அதன் திருகை மூடுங்கள்.

மூன்றாவது: கேஸை நிறுத்துங்கள். வாடை லேசாக இருந்து, தோங் கைக்கு எட்டினால் ரெகுலேட்டர் குமிழை 'ஆஃப்' பக்கம் திருப்புங்கள். குழாய் கேஸ் வீடு என்றால் மீட்டர் பக்கத்து வால்வு. ஆனால் வாடை மூச்சு முட்டுகிற அளவுக்கு இருந்தால், 'உஸ்ஸ்'னு பெரிதாகச் சத்தம் கேட்டால், தோங்கைத் தேடிப் போகாதீர்கள். நேராக வெளியே.

நான்காவது: போகிற வழியில் கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். தோங் கேஸ் தரையோடு போகும், அதனால் ஜன்னலை விடக் கதவு பெரிய உதவி. ஆனால் எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும் என்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேணாம்.

ஐந்தாவது: எல்லாரும் வெளியே. பிளாட்டில் லிஃப்ட் வேணாம், படிக்கட்டு. பக்கத்து வீட்டைக் கூப்பிடணும் என்றால் பெல்லை அமுக்காதீர்கள், கதவைத் தட்டுங்கள், குரல் கொடுங்கள். தாமான் வீட்டில் போர்ச்சில் நிற்கிற காரையும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கார் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆறாவது: வெளியே தூரமாகப் போய் நின்ற பிறகுதான் போனை எடுக்கணும். 999. "கேஸ் கசிவு" என்று சொல்லி வீட்டு எண், ஜாலான், தாமான் அல்லது புளோக், மாடி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். குழாய் கேஸ் வீடு என்றால் பில்லில் இருக்கிற அவசர எண்ணுக்கும் அழைக்கணும். அந்த எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். வாடை வந்த பிறகு பில்லைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஏழாவது: பொம்பா 'சரி' என்று சொல்கிற வரைக்கும் திரும்பிப் போகக் கூடாது. பர்ஸ், பாஸ்போர்ட், லேப்டாப், எதுக்காகவும்.

அடுப்புத் திருகு லேசாகத் திறந்திருந்தது, வாடை கொஞ்சம்தான் என்றால்? அப்பவும் அதே ஒழுங்கு: சுவிட்ச் வேணாம், மூடு, கதவைத் திற, எல்லாரும் வெளியே. வாடை முழுக்கப் போய், அதற்கு மேலும் கொஞ்ச நேரம் காத்திருங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றால், அல்லது வாடை திரும்பவும் வந்தால், தோங்கைத் திறக்காதீர்கள். 999-க்கு அழைத்துவிட்டு, பிறகு கேஸ் கடைக்காரரை வரச் சொல்லுங்கள்.

6. தீயே பிடிச்சிட்டா?

இங்கேதான் புத்ரா ஹைட்ஸ் பாடம் திரும்ப வருது. ஹோஸிலோ ரெகுலேட்டரிலோ நெருப்பு எரிந்தால், முதல் வேலை தீயை அணைப்பது இல்லை, கேஸை நிறுத்துவது. கேஸை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் அறையில் நிறைய ஆரம்பிக்கும். எரிகிற தீ கண்ணுக்குத் தெரியும், நிறைகிற கேஸ் தெரியாது. எது பெரிய ஆபத்து?

தோங்கின் குமிழை எட்ட முடிந்தால், தீ அதை மறைக்காமல் இருந்தால், மூடுங்கள். கேஸ் நின்றதும் தீ தானாகவே அடங்கும். எட்ட முடியவில்லை, அல்லது தோங்கையே தீ சூழ்ந்துவிட்டது என்றால் ஒரு வினாடிகூட நிற்க வேணாம். சூடேறிய தோங்குக்குள்ளே அழுத்தம் ஏறி, தோங்கே வெடிக்கலாம். வெளியே ஓடுங்கள், அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், 999. தோங்கைப் படுக்க வைப்பது, உருட்டி வெளியே தள்ளுவது எல்லாம் சினிமாவில் ஹீரோ செய்வார். படுத்த தோங்கிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளியே வரும், அது 250 மடங்கு வம்பு.

7. சாமி மேடையும் திருவிழாவும்

நம்ம வீடுகளுக்கென்றே உள்ள ஒரு விஷயம். பொம்பா கொடுக்கிற குறிப்புத் தாளில் இது இருக்காது, நாமதான் பேசிக்கணும்.

நம்ம பலர் வீட்டில் சாமி மேடையில் விளக்கு எரியும். வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணியும் சேரும். பிளாட் வீடுகளில் சாமி மேடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் சில எட்டுத்தான் தூரம், சில வீட்டில் மேடையே அடுப்படியில் இருக்கும். காலையில் குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலை விளக்கேற்றுவது. தீப்பெட்டியை எடுப்பதற்கு முன்னால் அடுப்படிக் கதவையோ ஜன்னலையோ திறந்து, ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். அதன் பிறகு லைட், அதன் பிறகு விளக்கு. பூசைக்கு முன்னால் கை கால் கழுவுகிறோமே, அந்த மாதிரி இதுவும் ஒரு பழக்கமாகட்டும். அரை நிமிஷம் ஆகுமா?

விளக்கு எரியும்போது கேஸ் வாடை வந்தால்? வாடை லேசாக இருந்து, விளக்கு வெளியே போகிற வழியில் இருந்தால் அணைத்துவிட்டுப் போகலாம். சாமி விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், பூவாலோ விரலாலோ திரியை எண்ணெய்க்குள் இழுத்து விடலாம். அதில் பாவம் எதுவும் இல்லை, மனுஷ உயிருக்காகச் செய்கிறது. வாடை பலமாக இருந்தால் விளக்குப் பக்கமே போக வேணாம், நேராக வாசல்.

அடுத்தது, கூட்டச் சமையல். தீபாவளிக்கு முன்னால் வீட்டுப் பின்கட்டில் முறுக்குச் சுடுவது, தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு அன்னதானம் செய்வது, கோயில் மடப்பள்ளி, நம்ம கிளை முகாம் சமையல் எல்லாத்துக்கும் பெரிய அடுப்பு, உயர் அழுத்த ரெகுலேட்டர். பொறுப்பில் இருக்கிற இளைஞர்கள் கவனிக்க:

தோங் எப்பவும் நிமிர்ந்து நிற்கணும், அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில். லோங்காங் ஓரம் வேணாம்.

உயர் அழுத்த அடுப்புக்கு அதுக்கென்று உள்ள ஹோஸ்தான். வீட்டு ஹோஸை மாட்டிச் சமாளிக்கக் கூடாது.

மாற்றுத் தோங்குகளைச் சமைக்கிற இடத்தில் அடுக்காதீர்கள். காலித் தோங்கிலும் கொஞ்சம் கேஸ் இருக்கும், அதையும் மூடித்தான் வைக்கணும்.

எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் தோங் மாற்றாதீர்கள். எல்லா அடுப்பையும் அணைத்த பிறகு மாற்றுங்கள்.

காரில் ஏற்றினால் நிமிர்த்தி வைத்து, ஜன்னலைத் திறந்து, நேராகப் போய் இறக்கணும். வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

"கேஸ் பொறுப்பு" என்று ஒருத்தரை நியமியுங்கள். மைக்குக்கு ஓர் ஆள், பார்க்கிங்குக்கு ஓர் ஆள் போடுகிறோம் இல்லையா?

8. மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம்

பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து நுரை வர அடியுங்கள். அடுப்புத் திருகுகளை மூடிவிட்டு, ரெகுலேட்டரைத் திறந்து, தோங் வாயில், ரெகுலேட்டரில், ஹோஸின் இரண்டு முனையிலும் அந்த நுரையைத் தடவுங்கள். குமிழி ஊதிக்கொண்டே வந்தால் அங்கே கசிவு. உடனே மூடிவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கிற பழக்கம் யாரிடமாவது இருந்தால், மரியாதையாக, ஆனால் உறுதியாக நிறுத்துங்கள்.

ஹோஸை வளைத்துப் பாருங்கள். விரிசல், கடினம், பிசுபிசுப்பு, எலி கடித்த தடம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஹோஸும் ரெகுலேட்டரும் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல ஹோஸின் விலை ஒரு குடும்பம் மமாக்கில் ஒரு வேளை சாப்பிடுகிற செலவைத் தாண்டாது.

தோங் கொண்டுவந்து மாட்டுகிற அண்ணனிடம், "அண்ணே, ஒரு நிமிஷம், நுரை வெச்சுப் பார்த்துடலாம்"னு சொல்லுங்கள். அவர் போன பிறகு கசிவு தெரிவதை விட, அவர் இருக்கும்போதே தெரிவது நல்லது இல்லையா? இரவு படுக்கப் போகும்போதும், ஊருக்குப் போகும்போதும் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூடணும். ரெகுலேட்டர் மூடியிருந்தால், அதற்குப் பிறகு இருக்கிற ஹோஸ் பழுதானாலும் இரவு முழுக்கக் கேஸ் கசிந்து தேங்காது.

9. ஏன் பாட்டி?

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை 11 மணியை யோசித்துப் பாருங்கள். அப்பா அம்மா வேலையில், நாம் காலேஜில், தம்பி பள்ளியில். வீட்டில் இருப்பது பாட்டியோ தாத்தாவோ, சில சமயம் ஒரு சின்னக் குழந்தையும் கூட. முன்வாசல் கிரில்லில் பெரிய பூட்டு, சாவி எங்கேயோ ஒரு டிராயரில். பாட்டிக்கு மோப்பம் குறைவு. வாடை வந்தால் அவர் செய்யப்போகும் முதல் காரியம் காத்தாடியைப் போடுவதாகத்தான் இருக்கும், யாரும் வேறு சொல்லித் தராவிட்டால்.

வெடிக்கும் விகிதம் எத்தனை விழுக்காடு என்று எனக்குத் தெரிந்து அந்த 11 மணிக்கு என்ன பயன்? நான் அப்போ லெக்சர் ஹாலில் இருப்பேன். அறிவு யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் கையில் இருக்கணும். அதனால் இந்த மாத வீட்டுப்பாடம் இது. கிளைக் கூட்டத்தில் அடுத்த முறை கேட்போம்:

ஒன்று. பாட்டி, தாத்தா, தம்பி தங்கையோடு ஒருமுறை நடித்துப் பாருங்கள். "பாட்டி, கேஸ் வாடை வருது, என்ன செய்வீங்க?" வாயால் பதில் வாங்க வேணாம், எழுந்து நடந்து காட்டச் சொல்லுங்கள். கை சுவிட்ச் பக்கம் போனால் சிரித்துக்கொண்டே திருத்துங்கள், திட்டாதீர்கள்.

இரண்டு. கிரில் சாவி எங்கே? வீட்டில் சின்னவரும் பெரியவரும் இருட்டில்கூட எடுக்கிற இடத்தில், அதே சமயம் வெளியே இருந்து கை எட்டாத இடத்தில், ஓர் ஆணியில் தொங்கட்டும்.

மூன்று. ரெகுலேட்டரை மூடத் தெரியுமா? பாட்டியின் கைக்கு அந்தக் குமிழ் திரும்புகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

நான்கு. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்: "சுவிட்ச் தொடாதே. கேஸை மூடு. கதவைத் திற. வெளியே போ. 999." தமிழில் எழுதுங்கள். பாட்டி படிக்கத் தெரியாதவர் என்றால் படம் வரையுங்கள், தம்பி தங்கைக்கு நல்ல வேலை.

பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டாக இருக்கட்டும், கிள்ளான் தாமானாக இருக்கட்டும், நம்ம ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரியணும், சாமி மேடையில் விளக்கும் எரியணும். அதை ஏற்றுகிற கைகள் பத்திரமாக இருக்கணும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியோடு உட்காருங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் என்ன சொன்னார் என்று வந்து சொல்லுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.